'அஸ்ஸே' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது? (பந்தலூர் தங்கச் சுரங்கக் குறிப்புக்காக)

பந்தலூர்_மழை:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் படிப்பதற்காகத் தேவாலா, பந்தலூர் பக்கத்துப் பழைய தங்கச் சுரங்கங்களைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இங்கே எஸ்டேட்டுக்குள் நடந்தால் புதர் மூடிய டனல் வாய்கள் கண்ணில் படும், 'வெள்ளைக்காரன் தோண்டினது' என்பார்கள், அதற்கு மேல் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த ப்ரோ ஸ்மித் என்ற சுரங்க நிபுணர் 1880-இல் தென்கிழக்கு வயநாட்டுத் (அன்று நம் கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு இருந்த பெயர்) தங்கத்தைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். அதன் பிறகு லண்டனில் கம்பெனிக்கு மேல் கம்பெனி தொடங்கிப் பங்கு விற்றார்கள், நம் காட்டுக்குள் இயந்திரங்கள் வந்து இறங்கின, சில வருடங்களிலேயே எல்லாம் படுத்துவிட்டது.

இந்தக் காலத்து ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும் ஆங்கிலச் சொல் 'அஸ்ஸே' (assay). அகராதியைப் பார்த்தால் 'சோதனை, பரிசோதனை' என்று இருக்கிறது. ஆனால் 'இந்தப் பாறையின் சோதனை டன்னுக்கு இத்தனை பென்னிவெயிட்' (தங்கம் நிறுக்கும் பழைய ஆங்கில எடை) என்று எழுதினால் வாக்கியமே நிற்க மாட்டேன் என்கிறது. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், எங்கிருந்து வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_வாசகி:

வாக்கியம் நிற்காததற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்ட் என்றால் பாஸா ஃபெயிலா என்று கேட்கலாம். அஸ்ஸேவிடம் அப்படிக் கேட்க முடியாது, அதனிடம் 'எவ்வளவு' என்றுதான் கேட்க வேண்டும்.

இது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்த சொல். பழைய பிரெஞ்சில் 'அசாய்', 'எசாய்' என்று இரண்டு வடிவம், 'முயன்று பார்த்தல்' என்று பொருள். அதற்கும் முன்னால் பிற்கால லத்தீனில் 'எக்ஸாகியம்', அதாவது எடை போடுதல். அந்தச் சொல் பிறந்த வினைக்கு வெளியே தள்ளுதல், கேட்டு வாங்குதல், நிறுத்துப் பார்த்தல் என்று பல பொருள் உண்டு. ஆக இந்தச் சொல்லின் அடியில் கிடப்பது தராசு. எடை போடாமல் அஸ்ஸே கிடையாது.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதற்கு வேலை நிறைய இருந்தது. உலோகத்தின் தரம் பார்ப்பதும் அஸ்ஸே, ஒரு காரியத்தை முயன்று பார்ப்பதும் அஸ்ஸே, ராஜாவுக்கு வைக்கும் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று இன்னொருவர் முதலில் ருசி பார்ப்பதும் அஸ்ஸே. 'எசாய்' வடிவம் 'எஸ்ஸே' ஆகி, பிரான்சில் மொந்தேன் 1580-இல் தன் உரைநடைகளுக்கு அந்தப் பெயரை வைத்த பிறகு, கட்டுரைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. பள்ளியில் நாம் எழுதிய எஸ்ஸேயும் உங்கள் சுரங்கத்து அஸ்ஸேயும் கூடப்பிறந்தவை.

சில்வர்_ஓக்:

ஒரு சொல்லுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? 'டெஸ்ட்' என்று போட்டால் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ரத்த டெஸ்ட், மண் டெஸ்ட், தங்க டெஸ்ட். படிக்கிறவன் ஆறாம் வகுப்புப் பையன், அவனை நினைத்து எழுதுங்கள்.

குன்னூர்_வாசகி:

டெஸ்ட் என்ற சொல்லே இந்தப் பட்டறையிலிருந்து வந்ததுதான் சார்! லத்தீனில் 'டெஸ்ட்டும்' என்றால் மண்சட்டி. பொன்னையும் வெள்ளியையும் ஈயத்தோடு உருக்கிச் சுத்தம் பார்க்கும் பாத்திரத்துக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் 'டெஸ்ட்' என்று பெயர். சட்டியின் பெயர் அதில் நடக்கும் வேலைக்கு ஆகி, 16-ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் எந்தச் சோதனைக்கும் பொதுச் சொல்லாகப் பரவியது. டெஸ்ட் சட்டியிலிருந்து வந்தது, அஸ்ஸே தராசிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை.

கூடலூர்_பட்டறை:

நான் பொற்கொல்லர் குடும்பம். அக்கா சொன்ன சட்டி விஷயத்தைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் தமிழில் 'புடம் போட்ட தங்கம்' என்கிறோமே, அந்தப் புடமும் சமஸ்கிருதத்தில் குழிவு, மூடிய பாத்திரம் என்ற பொருள் உள்ள சொல்தான். பாத்திரத்தின் பெயர் வேலைக்கு வந்த கதை இங்கேயும் அப்படியே இருக்கிறது.

இனி பந்தலூர் சார் கேட்டதற்கு வருகிறேன். கல்லில் தங்கம் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சொல் தானாக வரும். கல்லை மாவாக இடித்துக்கொள்வார்கள். அதோடு மிருதாரசிங்கி, வெங்காரம் (போராக்ஸ்), சோடா உப்பு, ஒரு பிடி கோதுமை மாவு. மாவு எதற்கு என்று கேட்பார்கள். மிருதாரசிங்கி என்பது ஈயமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, சூட்டில் மாவு கரியாகி அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும், ஈயம் சொட்டுச் சொட்டாகப் பிரியும். அந்தச் சொட்டுகள் உருகிய கல்லுக்குள் மழை மாதிரி இறங்கும்போது வழியில் இருக்கிற பொன்னையும் வெள்ளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மூசையின் (உருக்கும் மண்பாத்திரம்) அடிக்குப் போய்விடும். ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். ஆறியதும் மேலே இருக்கிற கண்ணாடிக் கசடைச் சுத்தியலால் தட்டி உடைத்தால் அடியில் ஒரு ஈயக் கட்டி இருக்கும்.

அந்தக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து, காற்றுப் படுகிற உலையில் திரும்ப வைப்பார்கள். இப்போது ஈயம் மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து உருகிக் கிண்ணத்துக்குள்ளேயே ஊறிப் போகும். பொன்னும் வெள்ளியும் ஊறாது. கட்டி சுருங்கிச் சுருங்கி உருண்டையாகி, கடைசியில் அதன் மேல் வானவில் நிறங்கள் ஓடும், எண்ணெய்ப் படலம் மாதிரி. நிறம் ஓட்டம் நின்று சட்டென்று ஒரு பளிச். அவ்வளவுதான், கடைசி ஈயமும் போய்விட்டது என்று அர்த்தம். மிஞ்சுவது கடுகளவு மணி, சில நேரம் அதைவிடவும் சின்னது.

அந்த மணியைத் தட்டையாக்கி வெடியுப்புத் திராவகத்தில் (நைட்ரிக் அமிலம்) போட்டால் வெள்ளி கரையும், பொன் நிற்கும். ஆனால் பொன்னின் பங்கு அதிகமாக இருந்தால் திராவகம் உள்ளே நுழையாது. அதனால் பொன் ஒரு பங்கு, வெள்ளி மூன்று பங்கு என்ற கணக்கு வரும்படி வேண்டுமென்றே வெள்ளி சேர்த்து உருக்குவார்கள். எஞ்சிய பொன்னைக் கழுவி, காய்ச்சி, தராசில் வைத்தால் வருகிற எடைதான் அஸ்ஸே. அக்கா சொன்ன தராசு அங்கேதான் வருகிறது.

பந்தலூர்_மழை:

அருமை. அப்படியானால் 'மாற்றறிதல்' என்று போடலாமா? பத்தரை மாற்றுத் தங்கம் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

கூடலூர்_பட்டறை:

அதில் எனக்குச் சம்மதம் இல்லை சார். மாற்று என்பது பொன்னின் சுத்தம். ஒரு வளையல் எத்தனை மாற்று என்று கேட்கலாம், கருங்கல்லு எத்தனை மாற்று என்று யாராவது கேட்பார்களா? கல்லில் பொன் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்கள், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

வளையலுக்கு நாங்கள் செய்வது உரைத்துப் பார்ப்பது. உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுப்போம், பக்கத்தில் மாற்றுத் தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு, மேலே திராவகத்தைத் தொட்டுவைத்தால் எந்தக் கோடு முதலில் மங்குகிறது என்று தெரிந்துவிடும். பழகின கண்ணுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். இப்போது ஹால்மார்க் கடையில் எக்ஸ்ரே மெஷின் வைத்திருக்கிறார்கள், ஒரு நிமிஷத்தில் எண் வரும். ஆனால் அது மேல்தோலைத்தான் பார்க்கும். மேலே கனமாக முலாம் பூசியிருந்தால் ஏமாறும். அதனால்தான் சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கு வெட்டி உருக்கிப் பார்க்கிறார்கள், மேலே நான் சொன்ன அதே ஈயம், அதே சாம்பல் கிண்ணம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்கத்துக்கு வைத்திருக்கிற முறையும் அதுதான். 916 என்று முத்திரை பார்க்கிறோமே, ஆயிரத்தில் 916 பங்கு பொன், அதாவது 22 காரட். 2021 ஜூனிலிருந்து இந்த முத்திரை படிப்படியாகக் கட்டாயம் ஆனது. அந்த மையங்களின் பெயர்ப்பலகையிலேயே 'அஸ்ஸேயிங்' என்று எழுதியிருக்கும், நம் பஜாரில் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறோம்.

கல்வெட்டுப்_பித்தன்:

தராசு, கல் என்று பேச்சு வந்ததால் ஒன்று. பழந்தமிழில் காசும் பொன்னும் நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருக்கிறார். அஸ்ஸேயருக்குத் தமிழில் ஆளே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அது ஒரு தொழில், தொழில் செய்தவர் கவிதையும் எழுதியிருக்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த பொன்னை 'ஆடவல்லான் என்னும் கல்லால்' நிறுத்தார்கள் என்று வரும். இங்கே கல் என்றால் எடைக்கல், கோயில் இறைவன் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். உரைத்துப் பார்க்கிற கட்டளைக்கல்லும் கல், நிறுத்துப் பார்க்கிற எடையும் கல்.

அப்புறம் இன்னொரு ஆசை. எஸ்ஸே, அஸ்ஸே உறவு போல, கட்டுரையில் இருக்கிற 'உரை'யும் உரைகல்லில் இருக்கிற 'உரை'யும் ஒன்றாக இருக்குமோ?

குன்னூர்_வாசகி:

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை விட்டுவிடுங்கள். திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் பேசுகிற உரைக்கும் தேய்க்கிற உரைக்கும் தனித்தனிப் பதிவு. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான எமனோ 1930-களில் நம் மலையில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியவர். எழுத்து ஒன்றாக இருப்பதை வைத்து உறவு கட்டக் கூடாது. அஸ்ஸே, எஸ்ஸே விஷயத்தில் நூற்றாண்டு நூற்றாண்டாக எழுத்து ஆதாரம் இருக்கிறது, அதனால் துணிந்து சொல்கிறோம்.

ஊட்டி_ஆய்வகம்:

தங்கத்தோடு நின்றுவிட்டீர்கள். நான் மருந்தியல் படித்தவள், எங்களுக்கு அஸ்ஸே தினச்சோறு. இந்திய மருந்து நூலில் எந்த மருந்தை எடுத்தாலும் 'அஸ்ஸே' என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். பாராசிட்டமால் மாத்திரையில் 500 மில்லிகிராம் என்று அட்டையில் போட்டால், உள்ளே அதில் 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது பாராசிட்டமால்தானா என்று பார்ப்பது வேறு பத்தி, அசுத்தம் இருக்கிறதா என்பது வேறு பத்தி. 'எவ்வளவு' என்ற கேள்விக்கு மட்டும்தான் அஸ்ஸே என்று பெயர். வாசகி அக்கா முதலிலேயே சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து சரி.

தராசு மட்டும் எங்களிடம் பல நேரம் செல்லாது. தடுப்பூசியை எடை போட்டு என்ன தெரியும்? ஒரு மில்லிகிராமில் வேலை செய்கிற சரக்கும் இருக்கும், செத்த சரக்கும் இருக்கும். அதனால் அது உயிரில் என்ன செய்கிறது என்று பார்த்து, தரம் தெரிந்த ஒரு மாதிரியோடு ஒப்பிட்டு, 'இத்தனை யூனிட்' என்று சொல்வார்கள். இதற்கு பயோ-அஸ்ஸே என்று பெயர். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இலிருந்து நெடுங்காலம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்தது. அந்த மாதிரித் தடுப்பூசியின் வீரியத்தை அளப்பதற்கு உலகம் முழுக்க நெடுநாள் நம்பியிருந்தது எலிகளை. தடுப்பூசியைப் பல அளவுகளில் நீர்த்து எலிகளுக்குப் போட்டு, பிறகு நோய்க்கிருமியைக் கொடுத்து, எந்த அளவில் பாதி எலிகள் பிழைக்கின்றன என்று கணக்கெடுப்பார்கள். ஒரு சுண்டெலி தராசுத் தட்டு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் நோயின் தடம் பார்ப்பதற்கு எலைசா (ELISA) டெஸ்ட் என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தப் பெயரின் கடைசி எழுத்து 'ஏ' அஸ்ஸேதான். டெஸ்ட் என்று பின்னால் சேர்ப்பது நாமாகச் சேர்த்தது. 1971-இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மன் இருவரும் அந்த முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன்னோடி கதிரியக்கத்தை வைத்து அளக்கும் முறை, அதற்காக ரோசலின் யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. கூட உழைத்த பெர்சன் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

நடுவட்டம்_பட்டை:

ஊட்டி ஆய்வகம் மேடம் சொன்னதற்கும் பந்தலூர் சார் கேட்டதற்கும் நடுவில் எங்கள் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் சிங்கோனா மரத்தின் பட்டையில் கிடைக்கும். 1860-இல் தொட்டபெட்டாவில் அந்தச் சிங்கோனாவை நட்டார்கள், பிறகு நடுவட்டத்தில். மரம் வளர்ந்துவிட்டது, காடு நிறையப் பட்டை. ஆனால் பட்டையில் குயினைன் எவ்வளவு? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகவே 1866-இல் பிராட்டன் என்ற வேதியியலாளரை அரசு குயினாலஜிஸ்டாக இங்கே நியமித்தார்கள். குயினைன் பார்ப்பதற்கென்றே ஒரு பதவி!

தோட்டத்தைக் கவனித்த மெக்ஐவர், மரத்தைச் சாய்க்காமல் பட்டையைப் பட்டை பட்டையாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடி வைப்பார். பட்டை திரும்ப வளரும். அப்படி வளர்ந்த பட்டையில் மருந்துச் சத்து கூடுகிறது என்பது இந்தப் பகுப்பாய்வுகளில்தான் தெரிந்தது. கண்ணுக்கு இரண்டு பட்டையும் ஒன்றுதான். இதே கணக்குத்தான் பின்னால் நம்மைக் கீழே தள்ளியதும். நாம் அதிகமாக நட்ட சிவப்புப் பட்டை மரம் நன்றாக வளரும், குயினைன் குறைவு. ஜாவாவில் டச்சுக்காரர்கள் லெட்ஜர் என்பவர் அனுப்பிய விதையில் வந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அதில் சத்து பல மடங்கு. ஏலத்தில் பட்டைக்கு விலை மூட்டைக்கு இல்லை, குயினைன் சதவீதத்துக்கு. காடு காடாக வளர்ந்தும் சந்தை ஜாவாவிடம் போனதற்கு இந்த எண் ஒரு பெரிய காரணம். பிள்ளைகளுக்கு எழுதுகிற குறிப்பில் முடிந்தால் இதையும் சேருங்கள் சார், மாவட்டம் ஒன்றுதானே.

சில்வர்_ஓக்:

சரி, 'எவ்வளவு' என்பதுதான் விஷயம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. முறை இவ்வளவு கச்சிதம் என்றால் பந்தலூரில் கம்பெனிகள் ஏன் முழுகின? அறிக்கையில் நல்ல எண்தானே வந்தது?

கல்லும்_மண்ணும்:

நான் புவியியல் துறையில் வேலை பார்க்கிறேன், இதற்குப் பதில் சொல்லலாம். அஸ்ஸே சொல்வது உலையில் வைத்த அந்தப் பிடி மாவைப் பற்றி மட்டும். மலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. வயநாட்டுத் தங்கம் வெள்ளைக்கல் நரம்புகளில் இருக்கிறது, அதுவும் சீராக இல்லை, இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு. பொட்டு இருக்கிற கல்லைப் பொறுக்கி அனுப்பினால் எண் ஏறும், ஒரு முழம் தள்ளி எடுத்தால் ஒன்றும் இருக்காது. பங்கு விற்கிறவர்களுக்கு எந்தக் கல் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் டன் டன்னாக இடித்தபோது கைக்கு வந்தது காட்டிய எண்ணுக்குப் பக்கத்திலேயே வரவில்லை.

அதனால் எங்களுக்கு மாதிரி எடுப்பதுதான் பாதி வேலை. நரம்பின் குறுக்கே ஒரே அகலம், ஒரே ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, விழுகிற எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும், நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. இடித்ததைக் கூம்பாகக் குவித்து, தலையைத் தட்டிப் பரப்பி, நாலு பங்காகக் கீறி, எதிரெதிர்ப் பங்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட வேண்டும். மறுபடி குவித்து மறுபடி கீற வேண்டும், கைக்கு அடங்குகிற அளவு வரும் வரைக்கும். கடைசி ஸ்பூனில் இருப்பது முதல் மூட்டையில் இருந்த விகிதமாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடு. தங்கம் மட்டும் இதற்குச் சுலபத்தில் அடங்காது, ஒரு குருணை அந்தப் பக்கம் போனால் கணக்கே மாறிவிடும். பிள்ளைகளுக்கு எழுதும்போது அஸ்ஸேயைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது.

பந்தலூர்_மழை:

எல்லோருக்கும் நன்றி. எனக்கு இப்போது ஒன்று தெளிவாகிறது, எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே பெயர்ச்சொல்லைத் தேடியதால்தான் சிக்கல். நகைக்கு 'மாற்றுப் பார்த்தல்' இருக்கட்டும், மருந்துக்கு 'அளவறிதல்' பொருந்தும் என்று நினைக்கிறேன். சுரங்கத்துக்கு வினையாகவே எழுதிவிடுகிறேன். இப்படி:

'பாறையை இடித்து, ஈயத்தோடு உருக்கிப் பார்த்ததில், ஒரு டன் கல்லில் இத்தனை பென்னிவெயிட் தங்கம் இருப்பதாகக் கணக்கு வந்தது. இப்படி உருக்கி நிறுத்துக் காண்பதை ஆங்கிலத்தில் அஸ்ஸே என்பார்கள்.'

சரியாக இருக்கிறதா?

கூடலூர்_பட்டறை:

இது நிற்கிறது சார். இதை வாசித்தால் எங்கள் அப்பாவுக்குக்கூடப் புரியும். 'உருக்கி நிறுத்து' என்ற இரண்டு வார்த்தையையும் எடுத்துவிடாதீர்கள்.

ஊட்டி_ஆய்வகம்:

'அளவறிதல்' எனக்குச் சம்மதம். வேலை என்னவென்று அதிலேயே தெரிகிறது.

கல்லும்_மண்ணும்:

வாக்கியம் நன்றாக இருக்கிறது. பென்னிவெயிட்டை மட்டும் கிராமுக்கு மாற்றி அடைப்புக்குறிக்குள் போடுங்கள். ஒரு பென்னிவெயிட் 1.555 கிராம், 20 சேர்ந்தால் ஒரு ட்ராய் அவுன்ஸ். டன் விஷயத்தில் கவனம், அந்தக் காலத்து பிரிட்டிஷ் டன் 2,240 பவுண்டு, ஏறத்தாழ 1,016 கிலோ. ஆகவே அவர்களின் டன்னுக்கு ஒரு பென்னிவெயிட் என்றால் நம் மெட்ரிக் டன்னுக்கு 1.53 கிராம். அமெரிக்கப் புத்தகம் எதையாவது ஒப்பிட்டால் அங்கே டன் 2,000 பவுண்டுதான், கணக்கு மாறும்.

அஸ்ஸே செய்கிறவர்கள் இந்தத் தொல்லைக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பிரிட்டிஷ் டன்னுக்கு 32.667 கிராம் மாவும், அமெரிக்க டன்னுக்கு 29.167 கிராம் மாவும் நிறுத்து எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்தால் கடைசியில் தராசில் நிற்கிற பொன் எத்தனை மில்லிகிராமோ, டன்னுக்கு அத்தனை அவுன்ஸ். பெருக்கல், வகுத்தல் எதுவும் வேண்டாம். ஆறாம் வகுப்புக்கு இதையே ஒரு கணக்காகக் கொடுக்கலாம்: ஒரு பிரிட்டிஷ் டன்னில் எத்தனை ட்ராய் அவுன்ஸ் என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், 32,667 வரும், மீதியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.